கழற்றிய போல்ட்டை மறுபடி போடலாமா? எஃகுக் கட்டுமான வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பழைய தொழிற்சாலை ஷெட்டைப் பிரித்து வேறு இடத்தில் எழுப்பும்போதும், ஏற்றிய ராஃப்டரை (கூரை தாங்கும் சாய்ந்த உத்திரத்தை) ஏதோ காரணத்தால் இறக்கித் திரும்ப ஏற்றும்போதும் சைட்டில் இந்தக் கேள்வி வரும். சாக்கில் அள்ளி வைத்த போல்ட்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. போடலாமா, புதிது வாங்கணுமா?

பதில் போல்ட்டின் தோற்றத்தில் இல்லை. இதற்கு முன் அது எவ்வளவு இறுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. ஸ்பேனரால் தகடுகள் ஒட்டும் அளவுக்கு மட்டும் இறுக்கிய போல்ட்டைச் சோதித்துப் பார்த்துத் திரும்பப் போடலாம். முழு இழுவிசைக்கு இறுக்கிய போல்ட்டைக் கழற்றினால், நட், வாஷரோடு சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். மிகக் குறுகிய ஒரு விலக்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறோம். முன்பு எப்படி இறுக்கினார்கள் என்றே தெரியாவிட்டால் முழுதாக இறுக்கியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இறுக்கும்போது போல்ட்டுக்குள் என்ன நடக்கிறது

எம் 20 (20 மி.மீ. விட்டம்) அளவில் 8.8 வகைப் போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையில் உள்ள 8.8 என்ற எண்ணில் முதல் 8, அறுபடும் வலிமை 800 மெகா பாஸ்கல் என்பதைக் குறிக்கிறது. அடுத்த .8, அதில் 80 சதவீதத்தில், அதாவது 640 மெகா பாஸ்கல் அளவில், போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைக் குறிக்கிறது. மரைப் பகுதியில் இழுவிசை தாங்கும் பரப்பு 245 சதுர மி.மீ. ஆக இந்தப் போல்ட் அறுபட சுமார் 196 கிலோ நியூட்டன் வேண்டும். முழு இறுக்கம் என்பது இதில் 70 சதவீதம்: 137 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 14 டன். எம் 16க்கு இது 88, எம் 24க்கு 198 கிலோ நியூட்டன். 10.9 வகையில் இவையே 110, 172, 247 ஆக உயரும்.

137 கிலோ நியூட்டனில் போல்ட் இன்னும் சுருள்வில் போல மீளும் நிலையில்தான் இருக்கிறது, பிறகு ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றலாம். அந்த 137 குறைந்தபட்ச அளவு. நட்டைக் குறிப்பிட்ட கோணம் திருப்பி இறுக்கும் முறையில் எல்லாப் போல்ட்டும் இந்த அளவைக் கட்டாயம் தாண்ட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கூடுதலாகத் திருப்புகிறோம். எம் 20 மரையின் இடைவெளி 2.5 மி.மீ. மூன்றில் ஒரு சுற்று என்றால் நட் 0.83 மி.மீ. முன்னேறுகிறது. 60 மி.மீ. பிடிமானம் (போல்ட் இறுக்கிப் பிடிக்கும் தகடுகளின் மொத்தத் தடிமன்) உள்ள போல்ட் மீளக்கூடிய எல்லைக்குள் 137 கிலோ நியூட்டனுக்கு நீள்வதோ சுமார் 0.17 மி.மீ.தான். மீதியில் ஒரு பங்கு தகடுகள் நெருங்குவதிலும் மரைகள் பதிவதிலும் போகிறது. இன்னொரு பங்கு போல்ட்டை மீளும் எல்லைக்கு அப்பால் இழுக்கிறது. அந்த நிரந்தர நீட்சி போல்ட் முழுவதும் பரவாது. நட்டின் அடிமுகத்துக்கும் மரை முடிந்து தண்டு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள சில மரைகளில் குவியும். முழு இறுக்கம் போடும் போல்ட்டில் நட்டுக்கும் தண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு முழு மரைகளாவது இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி கேட்பது, நீட்சியைப் பகிர அந்த மரைகள் வேண்டும் என்பதால்தான்.

கழற்றிவிட்டுத் திரும்ப இறுக்கினால் அதே மரைகள் மறுபடி நீள வேண்டும். ஒவ்வொரு போல்ட்டும் அறுபடுவதற்கு முன் இவ்வளவு நீளும் என்று ஓர் இருப்பு உண்டு. முதல் இறுக்கத்தில் அதில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. 10.9 வகையில் வலிமை கூடுதல், இந்த இருப்பு குறைவு.

இரண்டாவது சிக்கல் உராய்வு. கொடுக்கும் முறுக்குவிசையில் பெரும்பங்கு நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும், சிறுபங்குதான் இழுவிசையாக மாறும். இதைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு: முறுக்குவிசை = முறுக்குக் கெழு (உராய்வைப் பொறுத்து மாறும் எண்) × விட்டம் × இழுவிசை. எண்ணெய்ப் பசை உள்ள புதுப் போல்ட்டில் கெழு 0.2 என்றால், எம் 20க்கு 137 கிலோ நியூட்டன் வர 548 நியூட்டன் மீட்டர் போதும். ஒரு முறை இறுக்கிக் கழற்றி, மரை உரசி, லேசாகத் துருவும் பிடித்த போல்ட்டில் கெழு 0.3க்கு ஏறினால் அதே 548 நியூட்டன் மீட்டரில் கிடைப்பது 91 கிலோ நியூட்டன்தான். டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், பதிவேட்டில் டிக் விழும், இணைப்பில் மூன்றில் இரண்டு பங்கு இறுக்கமே இருக்கும். அதைச் சரிக்கட்ட இன்னும் முறுக்கினால் போல்ட் இழுவிசையோடு முறுக்கையும் சேர்த்துத் தாங்க வேண்டிவரும், இறுக்கும்போதே அறுந்துபோகவும் கூடும்.

விதிகள் சொல்வது

அமெரிக்க நடைமுறையில், கட்டமைப்பு போல்ட்களுக்கான ஆர்சிஎஸ்சி விதித்தொகுப்பு ஏ490 போல்ட்களையும், நாகம் பூசிய (கால்வனைஸ் செய்த) ஏ325 போல்ட்களையும், முனை முறிந்து விழும் வகைப் போல்ட்களையும் (சரியான இறுக்கம் வந்ததும் முனை தானே முறிபவை) முழு இறுக்கத்துக்குப் பின் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்கிறது. பூச்சில்லாத கறுப்பு ஏ325 போல்ட்டுக்கு மட்டும், வடிவமைப்புக்குப் பொறுப்பான பொறியாளர் ஒப்புக்கொண்டால், அனுமதி உண்டு. மேலே சொன்ன குறுகிய விலக்கு இதுதான். ஏ325 வலிமையில் நம்முடைய 8.8க்கும், ஏ490 நம்முடைய 10.9க்கும் நெருக்கமானவை.

ஐரோப்பாவின் இஎன் 1090-2 இன்னும் கறார். முழு இறுக்கத்துக்குப் போன போல்ட் தொகுப்பைப் பின்னர் தளர்த்தினால், வகை எதுவானாலும் முழுத் தொகுப்பையும் எடுத்து எறிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் விதி நடுவழியில் நிற்கிறது. திரும்ப இறுக்குவதைத் தவிர்க்கச் சொல்கிறது. செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு முறை, அதே துளையில், அதே பிடிமானத்தில் செய்யலாம். நாகம் பூசியதற்கு அதுவும் கிடையாது. வேறு துளைக்கு மாற்றுவதற்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை.

'அதே துளை' என்ற நிபந்தனைக்குக் காரணம் முன்பு பார்த்த நீட்சிதான். தகட்டின் மொத்தத் தடிமன் மாறினால் நட் வேறு இடத்தில் உட்காரும். முன்பு நீண்ட மரைகளின் மேலேயே இப்போது நட் பிடிக்க நேரலாம். இடைவெளி மாறிய மரையில் புது நட் சீராகப் பற்றாது, சுமை இரண்டு மூன்று மரைகளில் குவிந்துவிடும்.

இந்தியாவில் வடிவமைப்புக்கு ஐஎஸ் 800:2007, உயர்வலிமைப் போல்ட் வேலைக்கு ஐஎஸ் 4000, போல்ட்டுக்கு ஐஎஸ் 3757, நட்டுக்கு ஐஎஸ் 6623, வாஷருக்கு ஐஎஸ் 6649 என்று தரங்கள் உள்ளன. ஷெட் அமெரிக்க முறையில் வடிவமைக்கப்பட்டு ஏ325 போல்ட்களோடு வந்திருக்கவும் கூடும். வரைபடத்தின் பொதுக்குறிப்பில் எந்த விதி எழுதியிருக்கிறதோ அதுவே அந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும். சைட்டில் வசதிக்கேற்ப விதி மாற்றிக்கொள்ள முடியாது.

புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஓர் இணைப்பில் பத்துப் போல்ட் இருக்கும். கடைசிப் போல்ட்டை இறுக்கும்போது தகடுகள் இன்னும் நெருங்கி முதலில் இறுக்கியது தளர்ந்துவிடும். அதை மறுபடி இறுக்குவது மறுபயன்பாடு ஆகாது, அது முதல் இறுக்கத்தின் தொடர்ச்சி. ஆனால் ஆய்வாளர் 'சரியாக இறுக்கியிருக்கிறீர்களா பார்க்கிறேன்' என்று நட்டைத் தளர்த்தச் சொன்னால் அந்தப் போல்ட் கழற்றப்பட்டதாகவே கணக்கு. சோதனையை எப்போதும் இறுக்கும் திசையில் செய்யச் சொல்லுங்கள்.

படி 1: பிரிப்பதற்கு முன்பே வரலாற்றைச் சேகரியுங்கள்

கிரேன் வருவதற்கு முன் பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் போல்ட்டின் வகை, அளவு, இறுக்க முறை குறித்திருக்கும். 'ஸ்நக் டைட்' என்றால் சாதாரண ஸ்பேனரில் ஒரு ஆள் முழுப் பலத்தோடு இறுக்கி, தகடுகள் நன்றாக ஒட்டிய நிலை. 'ப்ரீடென்ஷன்', 'ஸ்லிப் கிரிட்டிக்கல்', 'ஹெச்எஸ்எஃப்ஜி' போன்ற சொற்கள் இருந்தால் முழு இறுக்கம்.

வரைபடம் கிடைக்காவிட்டால் நட்டைப் பாருங்கள். நட்டின் மூலையிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல் பெயிண்ட் கோடு போட்டு, இரண்டும் இப்போது விலகி நின்றால் கோணம் திருப்பி இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் முனை முறிந்த தழும்போடு இருந்தால் முனை முறியும் வகை, அது ஒரு முறைக்கு மட்டுமே. வாஷரில் மேடுகள் நசுங்கியிருந்தால் அது இழுவிசை காட்டும் வாஷர், அதையும் திரும்பப் போட முடியாது.

'கையாலதான் இறுக்கினோம்' என்ற வாய்மொழியை அப்படியே நம்ப வேண்டாம். எம் 16, 8.8 போல்ட்டில் ஸ்பேனரோடு ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி 40 கிலோ எடைக்குச் சமமாக ஒருவர் அழுத்தினால் சுமார் 400 நியூட்டன் மீட்டர் வரும். மேலே சொன்ன வாய்ப்பாட்டில் போட்டால் 125 கிலோ நியூட்டன். அந்தப் போல்ட் அறுபடும் அளவே அவ்வளவுதான். கூரைத் தகடு தாங்கும் பர்லினில் போடும் எம் 12, 4.6 வகை இன்னும் மென்மையானது. அது நிரந்தரமாக நீளத் தொடங்க 50 நியூட்டன் மீட்டர்கூட வேண்டாம், 300 மி.மீ. ஸ்பேனரில் 16 கிலோ அழுத்தம் போதும். பைப், இம்பாக்ட் ரெஞ்ச் எது பட்டிருந்தாலும் அந்தப் போல்ட்டை முழுதாக இறுக்கியதாகவே கருதுங்கள்.

படி 2: கெடுக்காமல் கழற்றுங்கள்

நல்ல போல்ட்கள் பல பிரிக்கும்போதுதான் வீணாகின்றன. முதலில் உறுப்பின் எடையைக் கிரேனிலோ முட்டிலோ ஏற்றுங்கள். எடை போல்ட்டின் மேல் இருக்கும்போதே நட்டைக் கழற்றினால் கடைசியாக மிஞ்சும் ஒன்றிரண்டு போல்ட் மொத்தச் சுமையையும் வாங்கி வளையும், ஆளுக்கும் ஆபத்து. எதிரெதிர்த் துளைகளில் டிரிஃப்ட் பின் (துளைகளை நேராக நிறுத்தும் கூம்பு முனை இரும்பு முளை) அடித்து நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள்.

துருப்பிடித்த நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். கேஸ் கட்டரால் சூடாக்கினால் அந்தப் போல்ட்டின் கதை முடிந்தது. 8.8, 10.9 போல்ட்கள் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றவை. அந்தப் பதப்படுத்தலில் கடைசியாகக் காட்டிய வெப்பம் 425 டிகிரி செல்சியஸ் அளவாக இருக்கலாம். டார்ச் சுடர் அதைச் சில நொடிகளில் தாண்டிவிடும், போல்ட் மென்மையாகிவிடும், தலையில் 8.8 என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். பக்கத்துத் தகட்டை வெட்டிய சூடும் இதையே செய்யும். பெயிண்ட் பொங்கியிருந்தாலோ உலோகம் நீலம் பாய்ந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், எறியுங்கள்.

நட் கழன்ற பிறகும் சுத்தியலால் அடித்தால்தான் வெளியே வருகிறது என்றால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது துளை நழுவிப் போல்ட்டைக் கவ்வியிருக்கிறது. இரண்டிலும் போல்ட் கழிவுதான். வெளியே வந்த போல்ட், நட், வாஷர் மூன்றையும் உடனே ஒன்றாகக் கோத்து, இணைப்பின் எண் எழுதிய பையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் அந்த நிமிடமே வரலாறு அழிந்துவிடும். அதன் பிறகு எந்தப் போல்ட்டையும் நம்பக் காரணம் இருக்காது.

படி 3: உடனடியாகக் கழிக்க வேண்டியவை

சோதனைக்கு முன்பே கழிக்க வேண்டியவை நிறைய. 10.9 மற்றும் ஏ490 போல்ட்களில் முழுதாக இறுக்கியவை எல்லாம். நாகம் பூசியவற்றில் முழுதாக இறுக்கியவை எல்லாம். முனை முறியும் வகை, இழுவிசை காட்டும் வாஷர். தலையில் வகை எண்ணோ தயாரிப்பாளர் குறியோ இல்லாதவை. கிரேன் ஓடும் கர்டர், பாலம், அதிரும் இயந்திரத்தின் தாங்கி போன்ற, சுமை மாறிமாறி வரும் இடங்களிலிருந்து எடுத்தவை. கடைசி வகையில் மரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தொடங்கியிருக்கலாம், எவ்வளவு தேய்த்துத் துடைத்தாலும் அது தெரியாது.

நாகம் பூசியதை ஏன் தனியாகச் சொல்கிறோம்? பூச்சின் தடிமனுக்கு இடம்விட்டு அதன் நட்டின் மரையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். நாகம் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ளது, அதனால் புது நட்டில் மெழுகுப் பூச்சும் இருக்கும். முதல் இறுக்கத்தில் மெழுகு தீர்ந்துவிடும், நாகம் உரிந்து மரைக்குள் சுருளும். இரண்டாம் முறை உராய்வு கணிக்க முடியாத அளவுக்கு ஏறும். பெரிய மரை உள்ள நட் என்பதால், நீண்டுபோன மரையிலும் அது தாராளமாக ஓடி நம்மை ஏமாற்றும்.

பர்லின், கர்ட் (சுவர்த் தகடு தாங்கும் குறுக்கு உறுப்பு) போல்ட்களை என்ன செய்வது? எம் 12 போல்ட்டை ஒவ்வொன்றாகத் துலக்கிச் சோதிக்க ஆகும் கூலியில் புதிதே வாங்கிவிடலாம். எங்கள் பரிந்துரை, அவற்றைச் சோதிக்கவே வேண்டாம், மொத்தமாக மாற்றுங்கள்.

படி 4: துலக்கிப் பார்ப்பது

மிஞ்சியவை இரண்டு வகை: ஸ்நக் நிலையைத் தாண்டாதவை, பொறியாளர் எழுத்தில் அனுமதித்த கறுப்பு 8.8 அல்லது ஏ325. இவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். துரு போக அமிலத்தில் முக்க வேண்டாம். அமிலம் உலோகத்துக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தும். வலிமை மிக்க போல்ட்களில், குறிப்பாக 10.9க்கு மேல், அது இறுக்கிய சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் திடீர் முறிவாக வெளிப்படும். கெட்டுப்போன மரையை டை (மரை வெட்டும் கருவி) போட்டுத் திரும்ப வெட்டவும் வேண்டாம், உலோகம் குறைந்து நட்டின் பிடி தளரும்.

நல்ல வெளிச்சத்தில் தலைக்கும் தண்டுக்கும் சேரும் வளைவைப் பாருங்கள், வெடிப்பு தொடங்க விருப்பமான இடம் அது. தண்டைச் சமதளத் தகட்டில் உருட்டுங்கள், தள்ளாடினால் வளைந்திருக்கிறது. விரல் நகம் சிக்கும் அளவுக்குத் துருக் குழி இருந்தால், முக்கியமாக மரையில் இருந்தால், கழித்துவிடுங்கள். மரைப் பகுதியில் எங்காவது விட்டம் இடைபோலச் சுருங்கியிருந்தால் போல்ட் அறுபடுவதற்கு மிக அருகில் போய்வந்திருக்கிறது.

பிறகு அதே அளவுள்ள புதுப் போல்ட்டின் மரையைப் பழையதன் மரையோடு கோத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எம் 20இல் பத்து மரைகள் 25 மி.மீ. இருக்க வேண்டும், எம் 16இல் 20, எம் 24இல் 30. ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விலகி ஒளி கசிந்தால் அங்கே நீண்டிருக்கிறது.

மொத்த நீளத்தை அளந்து நீட்சியைக் கண்டுபிடிக்கப் பலர் முயல்வார்கள், அது பயனற்ற வேலை. 100 மி.மீ. போல்ட் தயாரிப்பிலேயே 1.75 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். நாம் தேடும் நீட்சியோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி. அந்தப் போல்ட் புதிதாக இருந்தபோது அளந்த எண் கையில் இல்லாமல் இப்போது அளப்பது எதையும் சொல்லாது.

படி 5: கைவிரலால் நட்டை ஓட்டுவது

எளிமையான, நம்பகமான சோதனை இதுதான். சேதமில்லாத நட்டை, மரை சுத்தமான போல்ட்டில் விரல்களால் மட்டும் ஓட்டுங்கள். முனையிலிருந்து மரை முடியும் இடம் வரை தடையின்றிப் போக வேண்டும். நடுவில் முரண்டு பிடித்தால் கவனியுங்கள். முன்பு நட் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்று உள்ளே சிக்கினால் மரை நீண்டிருக்கிறது. முனையிலேயே சிக்கினால் அடிபட்ட மரை. இரண்டும் கழிவு. ஸ்பேனர் போட்டு ஓட்டிவிட்டு 'போகிறது' என்று சொல்வது சோதனை ஆகாது.

கறுப்பு ஏ325க்கு அமெரிக்க விதித்தொகுப்பின் விளக்கவுரையும் இந்தச் சோதனையையே எளிய நடைமுறைக் கணக்காகச் சொல்கிறது. ஆனால் இது கழிக்க உதவும் சோதனை. இதில் தேறிய 10.9 போல்ட் நல்லது ஆகிவிடாது, சூடுபட்ட போல்ட்டும் இதில் தேறும், வெடிப்புள்ளதும் தேறும். அதனால்தான் முந்தைய படிகளில் அவ்வளவு கழித்தோம்.

படி 6: மாதிரி எடுத்து இழுவிசைச் சோதனை

முழு இறுக்கத்துக்குத் திரும்பப் போகும் கறுப்புப் போல்ட்களுக்கு இந்தப் படி கட்டாயம், ஸ்நக் வேலைக்குத் தேவையில்லை. போல்ட்டை ஹைட்ராலிக் இழுவிசைமானியில் பொருத்தி, சைட்டில் இறுக்கப்போகும் அதே முறையில் இறுக்கி, வந்த இழுவிசையைப் படிக்க வேண்டும். ஸ்கிட்மோர் வில்ஹெல்ம் என்ற பெயரில் பலர் அறிந்த கருவி அது. புதுப் போல்ட்டுக்கு ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று மாதிரி எடுத்து, குறைந்தபட்ச இழுவிசையைப் போல 1.05 மடங்கு வர வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. எம் 20, 8.8க்கு அப்படிக் கணக்கிட்டால் 144 கிலோ நியூட்டன்.

பழைய போல்ட்டில் ஒரு தொல்லை: எது எந்தத் தொகுதி என்று தெரியாது. ஒரே பையில் மூன்று தயாரிப்பாளர்களின் குறி இருந்தால் அது மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். ஒரு மாதிரி தவறினாலும் அந்தக் குறியுள்ள எல்லாம் கழிவு. சோதித்த மாதிரிகளையும் கட்டடத்தில் போடக் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே முடிவை மாற்றிக்கொண்டு புதுப் போல்ட்டுக்கு ஆர்டர் போடுவார்கள். அது சரியான முடிவுதான்.

படி 7: திரும்பப் பொருத்துவது

நட், வாஷர் இரண்டையும் புதிதாகவே போடுங்கள். நட்டின் மரையும் முதல் இறுக்கத்தில் சிதைந்திருக்கும், வாஷரில் நட் சுழன்ற பள்ளம் விழுந்திருக்கும். 8.8 போல்ட்டுக்கு 8 என்ற குறியுள்ள நட் அல்லது அதைவிட உயர்ந்தது, 10.9க்கு 10. குறைந்த வகை நட் போட்டால் மரை உள்ளுக்குள் உரிந்துபோகும். போல்ட் அறுந்தால் சத்தம் கேட்கும், மரை உரிவது அரைகுறையாக நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. கறுப்பு போல்ட்டில் நாகம் பூசிய நட்டும் கூடாது, பெரிதாக வெட்டிய மரை அதில் தொளதொளவென்று நிற்கும்.

துளைகளையும் பாருங்கள். எம் 20க்கு 22 மி.மீ. துளை. முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள். தகடுகள் ஒன்றோடொன்று தொடும் முகத்தைப் பழைய ஷெட் வேலையில் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். உறுப்புகளைத் துலக்கிப் புது பெயிண்ட் அடிக்கும்போது இணைப்பு முகத்திலும் அடித்துவிடுவார்கள். உராய்வால் சுமை தாங்கும் இணைப்பில் அது பெரிய இழப்பு. ஐஎஸ் 800 அட்டவணையில் சுத்தமான மில் ஸ்கேல் (எஃகை ஆலையில் உருட்டும்போது படியும் கருந்தோல்) முகத்துக்கு உராய்வுக் கெழு 0.33, ரெட் லெட் பிரைமர் (செந்நிற ஈய அடிப்பூச்சு) அடித்த முகத்துக்கு 0.10. எல்லாப் போல்ட்டையும் புதிதாக வாங்கி 137 கிலோ நியூட்டனுக்கு இறுக்கினாலும் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பெயிண்ட் அடிக்கும் ஆளுக்கு முன்கூட்டியே டேப் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

மரையிலும் நட் சுழலும் முகத்திலும் சோதனையில் பயன்படுத்திய அதே மசகை, அதே அளவில் தடவுங்கள். தகடு முகத்தில் படக் கூடாது. முதலில் எல்லாப் போல்ட்டையும் ஸ்நக் நிலைக்குக் கொண்டுவாருங்கள், இணைப்பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி. தகடுகளுக்கு நடுவே இடைவெளி மிஞ்சினால் மறு சுற்று. பிறகு நட், போல்ட் முனை, தகடு மூன்றிலும் கோடு போட்டுக் கோணம் திருப்புங்கள். அமெரிக்க அட்டவணையில், போல்ட்டின் நீளம் விட்டத்தைப் போல 4 மடங்கு வரை மூன்றில் ஒரு சுற்று, 4 முதல் 8 மடங்கு வரை அரைச் சுற்று, 8 முதல் 12 மடங்கு வரை மூன்றில் இரண்டு சுற்று. எம் 20க்கு இது 80, 160, 240 மி.மீ. எல்லைகள். உங்கள் வரைபடம் வேறு விதியைச் சொன்னால் அதன்படி நடங்கள். பழைய போல்ட்டில் டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி இறுக்குவது, மேலே பார்த்த 91 கிலோ நியூட்டன் கணக்குப்படி, கூடவே கூடாது.

இறுக்கி முடித்ததும் ஒரு மரையாவது நட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். இறுக்கும்போது நட் திடீரென்று இலகுவாகச் சுழன்றால் உடனே நிறுத்துங்கள். மரை உரிகிறது, அல்லது போல்ட் இடைசுருங்கி நீள்கிறது. அந்தப் போல்ட்டை வெட்டி எடுத்துப் புதிது போட்டுவிட்டு, அதே பையிலிருந்து வந்த மற்றவற்றையும் நிறுத்திவைத்துப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஒரு முறை இப்படித் திரும்பப் போட்ட போல்ட்டின் தலையில் அழியாத பெயிண்டால் புள்ளி வையுங்கள். எந்த இணைப்பு, எத்தனை போல்ட், எந்தக் குறி, யார் அனுமதித்தார், எந்தத் தேதி என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். புள்ளி வைத்த போல்ட் அடுத்த முறை கழன்றால் அதற்கு மூன்றாம் வாய்ப்பு இல்லை.

அடித்தளப் போல்ட்கள்

பழைய கான்கிரீட்டில் புதைந்திருக்கும் பவுண்டேஷன் போல்ட்களை மாற்ற முடியாது என்பதால் இதைத் தனியாகக் கேட்பார்கள். இவை பெரும்பாலும் மென் எஃகில் செய்து ஸ்நக் நிலைக்கு மட்டும் இறுக்கியவை, எனவே புதிதாக நிறுத்தும் தூணுக்கும் பயன்படும் வாய்ப்பு நல்லது. நட் கையால் ஓட வேண்டும், கான்கிரீட் மட்டத்தில் துரு அரித்துத் தண்டு மெலிந்திருக்கக் கூடாது. தூணின் துளைக்குப் பொருந்தவில்லை என்று சூடாக்கி வளைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பேஸ் பிளேட்டின் (தூணின் அடித்தகட்டின்) துளையை மாற்றலாமா, வேதிப்பசையில் புதுப் போல்ட் இறக்கலாமா என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.